இத்தா முடிந்த பின்னும்

இந்த ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. நெதர்லாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. பின்னேரம் வேலை முடிந்து நடந்து வருகிறேன். தெருவின் இரு பக்கமும் சுவர் அகலத்துக்கு ஜன்னல்கள். உள்ளே விளக்கெரிகிறது. ஒரு குடும்பம் சூப் குடிக்கிறது, ஒருவர் காலை நீட்டித் தொலைக்காட்சி பார்க்கிறார், ஒரு பெண் தலைமயிரைக் காயவைக்கிறாள். எல்லாம் தெருவுக்குத் தெரிகிறது, ஆனால் தெருவில் போகிற ஒருவரும் உள்ளே பார்ப்பதில்லை. நான் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள நிந்தவூரான். எங்கள் ஊரில் மதில் ஆள் உயரத்துக்கும் மேல். அடுத்த வீட்டுக்குள் என் கண் போகாமல் தடுப்பது மதிலின் வேலை, என்னுடையதல்ல. இங்கே அந்த வேலையை என் கண்ணிடமே ஒப்படைத்துவிட்டார்கள். ஒரு நாள் மறந்துபோய் ஒரு ஜன்னலுக்கு முன்னால் நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்து, புன்னகையோடு கையை நீட்டி, "பார்சலா?" என்று கேட்டார். இல்லை, சும்மா பார்த்தேன் என்றேன். சிரிப்பு போய்விட்டது. பார்ப்பதுதான் என் தொழில் என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

உண்மையாகவே அதுதான் தொழில். பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் என் படத்துக்குக் கீழே 'ஆய்வு ஆர்வங்கள்: கட்டடக்கலையும் மனித நடத்தையும்' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு கட்டடத்துக்குள் மனிதர் எங்கே நிற்கிறார், எங்கே இருக்கிறார், எந்தக் கதவைத் திறக்கிறார், எதைத் திறக்காமல் விடுகிறார் என்று பார்த்து எழுதுவது. இதை ஊரில் யாருக்கும் சொல்லி வெற்றிகண்டதில்லை. தங்கச்சியின் கணவர் நௌசாத் என்னைப் பள்ளிவாசலில் அறிமுகப்படுத்தும்போது, "மச்சான் நெதர்லாந்தில புரபெசர். ஊடு கட்டுற படிப்பு" என்பார். நான் புரபெசரும் இல்லை, ஒப்பந்தத்துக்கு ஆராய்ச்சி செய்கிற ஆள். வாழ்க்கையில் ஒரு வீடும் கட்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் பின்னால் வந்து, "தம்பி, மகளுக்கு மேல்மாடி ஒண்டு போடணும், ஒரு பிளான் கீறித் தாங்களன்" என்று கேட்பார். கீறிக் கொடுத்திருக்கிறேன். படிகள் சரியாக வந்ததா என்று பிறகு கேட்டதில்லை.

இப்போது எனக்குத் தந்திருக்கும் வேலை ஒரு முதியோர் இல்லம். பெரும் செலவில் அதன் நடுவே ஓர் அறை கட்டினார்கள். ஹௌஸ்காமர் என்று பெயர், எல்லோரும் கூடியிருக்கும் வீட்டு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை முழுக்கக் கண்ணாடி. நல்ல வெளிச்சம். மெத்தென்ற கதிரைகள். அங்கே யாரும் வருவதில்லை. கிழவர்களும் கிழவிகளும் தங்கள் அறையிலேயே கிடக்கிறார்கள். ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். கட்டடத்தின் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் இருப்பேன். ஓர் ஆள் வந்தால் ஒரு புள்ளி. நடந்தால் ஒரு கோடு. பல நாட்கள் என் தாள் வெள்ளையாகவே திரும்பும். எங்கள் குழுவின் தலைவி அன்னெக்கே நல்ல மனுஷி. அவர் கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னார், பிறகு இரண்டிரண்டாகப் போடச் சொன்னார், மீன்தொட்டி வைத்தார். கடைசியில் நான் யோஹான் என்ற கிழவரின் கதவைத் தட்டிக் கேட்டேவிட்டேன். ஏன் நீங்கள் அந்த அறைக்கு வருவதில்லை? அவர் திருப்பிக் கேட்டார்: "அங்கே யார் இருக்கிறார்?" யாருமில்லை என்றேன். "அப்படியானால்?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வாப்பா மௌத்தானது நான் அந்த இல்லத்தில் வேலை தொடங்கிய காலத்தில்தான். வயலுக்குப் போய்வந்து முகம் கழுவக் குனிந்தவர், அப்படியே விழுந்திருக்கிறார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். எங்கள் மார்க்கத்தில் மையித்தை வைத்துக்கொண்டு மகனுக்காகக் காத்திருப்பதில்லை. காத்திருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். என் வதிவிட அனுமதி புதுப்பிப்பில் கிடந்தது, வெளியே போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். நௌசாத் கைபேசியை உயர்த்திப் பிடித்தார். மையித்தை வைத்த சந்தூக்கு கேட்டைத் தாண்டிப் போவதை, சனத்தின் தோள்களுக்கு மேலாகப் பார்த்தேன். அன்றே உம்மா இத்தா இருக்கத் தொடங்கினார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், பிற ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பது இத்தா. மார்க்கம் கேட்பது வீட்டோடு இருப்பதைத்தான். அதை ஓர் அறைக்குள் சுருக்கியது ஊர் வழக்கம். பின்பக்கத்து அறையில் உம்மாவுக்குக் கட்டில் போட்டு, பின் தெருவைப் பார்த்த ஜன்னலுக்குத் தடித்த துணி ஆணியடித்து, வாசலுக்கும் ஒரு திரை போட்டார்கள். உம்மா அதுவரை ஓரிடத்தில் இருந்ததே இல்லை. வாப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் சந்தியில் கேட்கும்போதே கேட்டுக்குப் போய்விடுவார். அங்கிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு விறாந்தைக்கு, விறாந்தையிலிருந்து கிணற்றடிக்கு. அந்த வீட்டின் சீமெந்துத் தரையில் எங்கே பளபளப்பு என்று பார்த்தாலே போதும், வரைபடம் தேவையில்லை. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்தத் தரையால் என்று நேர்முகத் தேர்வில் சொல்ல நினைத்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

இத்தா முடிந்த அன்று தங்கச்சி சிபானா உம்மாவைக் குளிப்பாட்டி, புதுப் புடவை உடுத்தி, பொம்பிளைகளைக் கூப்பிட்டு ஓதிச் சாப்பாடு கொடுத்தாள். சாப்பாடு முடிந்ததும் உம்மா எழுந்து பழைய அறைக்கே போனார். களைப்பு என்று நினைத்தார்கள். மறுநாளும் வரவில்லை. மாதம் போனது.

"காக்கா, உம்மா இன்னும் உள்ளுக்குத்தான். கூப்பிட்டா 'வாறன் புள்ள' எண்டு சொல்றா. வாறாவே இல்ல. சோத்தையும் அங்கதான் கொண்டு போறன். மெலிஞ்சிட்டா. டொக்டர் வந்து பார்த்து ஒரு வருத்தமும் இல்ல எண்டிட்டார்" என்று சிபானா போனில் அழுதாள்.

எனக்கு அப்போது ஒரு தைரியம் வந்தது. இது என் துறை அல்லவா? ஜன்னல் துணியைக் கழற்று என்றேன். கழற்றினாள். உம்மா கட்டிலை இழுத்து, ஜன்னலால் பார்த்தாலும் தெரியாத மூலைக்குப் போட்டுக்கொண்டார். சுவருக்கு வெளிர் மஞ்சள் அடிக்கச் சொன்னேன். அடித்தார்கள். "நல்ல கலர்" என்று உம்மா சொன்னாராம், அவ்வளவுதான். வாசல் திரையை எடு, விறாந்தையில் பூச்சாடி வை, பிள்ளைகளின் பாடப் புத்தகங்களை உம்மாவின் அறைக்கு வெளியே வை. எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை சொன்னபடி செய்தாள். அன்னெக்கேயின் மீன்தொட்டியைத்தான் நான் நிந்தவூருக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

மனம் கேட்காமல் அன்னெக்கேயிடமே சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். அறை எத்தனை சதுர மீற்றர் என்றார். வீட்டின் உரிமையாளர் யார் என்றார். தங்கச்சி என்றேன். "உங்கள் பெற்றோர் வாடகை கொடுத்தார்களா?" இல்லை, எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை வந்து அங்கே இருப்பார், பெற்றோர் அந்த வீட்டிலேயே ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்வார்கள் என்று சொன்னேன். "ஆண்பிள்ளைக்கு?" கல்யாணம் முடித்தால் மனைவியின் வீடு. "நீங்கள் முடிக்கவில்லையே?" ஆமாம். "அப்படியானால் உங்களுக்கு அங்கே அறையே இல்லையா?" இல்லை என்றேன். இத்தனை வருடத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கண்கள் பளிச்சிட்டன. மிகவும் சுவாரசியமாக இருக்கிறது, இரண்டு நாட்டையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு செய்யலாம், உங்கள் ஆர்வங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் என் உம்மா எனக்கு ஓர் ஆர்வம் அல்ல என்று சொல்ல டச்சு மொழியில் எனக்கு வராது. தமிழிலும் வந்திருக்குமா தெரியாது. நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அனுமதி கிடைத்ததும் லீவு போட்டு ஊருக்குப் போனேன். கொழும்பிலிருந்து இரவு முழுக்க வந்த வேன் விடியக்காலை கேட்டடியில் நின்றது. சத்தம் கேட்டு முதலில் வெளியே வந்தது உம்மா. சிபானா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உம்மா என் கன்னத்தைத் தடவி, "எலும்பாப் போனாய் மகன்" என்றார். அவர்தான் எலும்பாக இருந்தார். ஹோலில் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். தானும் எதிரில் இருந்தார். தேத்தண்ணி தானே ஊற்றினார். அன்று மீன் ஆணம் சமைத்ததும் அவர்தான். நௌசாத் என் தோளில் தட்டி, "மச்சான், உங்கட படிப்புக்கு இண்டைக்குத்தான் ஒரு பலன் கண்டம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் கொஞ்சம் நம்பிவிட்டேன்.

இரண்டொரு நாளில் எனக்குப் புரியத் தொடங்கியது. தொழில் புத்தி, வேண்டாம் என்றாலும் கண் கோடு இழுக்கும். நான் பள்ளிவாசலுக்குப் போனால் உம்மா அறைக்குள் போய்விடுவார். கேட் சத்தம் கேட்டால் ஹோலுக்கு வருவார். நான் தூங்கினால் அவர் உள்ளே, நான் எழும்பினால் வெளியே. பிள்ளைகள் கூப்பிட்டால் வருவதில்லை. மகள் கூப்பிட்டாலும் வருவதில்லை. நடப்பதற்குக் காரணம் என்று அவருக்கு மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். ஒரு பின்னேரம், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன்.

"உம்மா, நான் போன பிறகும் இப்படி வெளிய வந்து இருங்க."

"ஆரோட இரிக்கிற?"

"சிபானா இரிக்கா. புள்ளைகள் இரிக்கி."

"அவக்கு அவட ஊட்டு வேல. புள்ளைகளுக்கு ஸ்கூலும் டியூசனும். நான் நடு ஹோல்ல இருந்தா எல்லாருக்கும் இடைஞ்சல் மகன். உங்க வாப்பா இருக்கக்குள்ள எனக்கு ஊடு முழுக்க வேல இருந்திச்சி."

யோஹானும் இதைத்தான் கேட்டார். அங்கே யார் இருக்கிறார்? அவர் கேட்டதற்குப் பதில் தேட எனக்குச் சம்பளம் தருகிறார்கள். உம்மா கேட்டதற்கு யாரும் தரமாட்டார்கள். உம்மா என் கையைப் பிடித்து, ஒரு சின்ன விஷயம் கேட்பதுபோல் கேட்டார்:

"நீ இஞ்ச இரி மகன். நீ இருந்தா நானும் வெளிய இரிக்கிறன்."

எங்கே இருக்க? தங்கச்சி வீட்டு ஹோலிலா? என்ன தொழில் செய்ய? மேல்மாடிகளுக்குப் பிளான் கீறியா? இதெல்லாம் சரியான கேள்விகள்தான். ஆனால் உம்மா கேட்டது கேள்வியே அல்ல. "லீவு முடியிது உம்மா" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார்.

புறப்படும் அன்று எல்லோரும் கேட்டடிக்கு வந்தார்கள். உம்மா அறை வாசலில் நின்றார். "நான் கேட்டுக்கு வந்தா நீ போகேலாது. உள்ளுக்கிருந்தே துஆக் கேக்கிறன், போ" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். வேன் கல்முனைச் சந்தியைத் தாண்டியது. வழியில் ஓட்டுநர் தம்பி ரேடியோவைப் போட்டு, என் முகத்தைப் பார்த்து, நிறுத்திவிட்டார்.

இங்கே வந்து சேர்ந்த மறுநாள் சிபானாவிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"காக்கா, உம்மா பழையபடி உள்ளுக்குத்தான். நீங்க இருந்த கதிரைய இவர் எடுத்து மேசையடியில போடப் போனவர். உள்ளுக்கிருந்து உம்மா சத்தம் போட்டா, அது மகன்ட கதிர, அங்கேயே கிடக்கட்டும், ஒருத்தரும் இருக்காதீங்க எண்டு. இப்ப அது நடு ஹோல்ல கிடக்கு. புள்ளைகளும் அத சுத்திச் சுத்தித்தான் போகுதுகள்."

அன்று முதியோர் இல்லத்தில் யாரும் வரவில்லை. கையில் வெள்ளைத் தாள் இருந்தது. தங்கச்சி வீட்டு ஹோலைக் கீறினேன். பிள்ளைகளின் கோடுகள், நௌசாத்தின் கோடு, குசினிக்கும் அறைக்கும் சோற்றுக் கோப்பையோடு போய்வரும் சிபானாவின் கோடு. எல்லாம் நடுவில் ஓரிடத்தில் வளைந்து விலகிப் போயின. எங்கள் முறையில் ஆள் இருந்தால்தான் புள்ளி, வெறும் கதிரைக்கு அடையாளம் எதுவும் கிடையாது. இந்த உலகத்தில் எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஒரே இடம் அது. அங்கே நான் புள்ளி போடவில்லை.