முருகேசன் வீட்டு மாத்திரை

போன மாதம் எனக்கு வயிற்றெரிச்சல். அசிடிட்டி இல்லை. நிஜமான வயிற்றெரிச்சல்!

படூரில், எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் ஆரம்பித்தது. மெடிக்கல் ஷாப்பிலிருந்து மாத்திரைக் கவரோடு வந்துகொண்டிருந்தேன். மேல் வீட்டு முருகேசனும் ஏறினார், அவர் கையிலும் மாத்திரைக் கவர். என் மனைவி சுகந்திக்கு மூட்டுவாதம். அவர் மனைவி கஸ்தூரிக்கும் அதே. இரண்டு பேரும் பார்ப்பது கேளம்பாக்கத்தில் ஒரே டாக்டரை.

சும்மா பேச்சுக்கு, "எவ்வளவு ஆச்சு?" என்றேன். சொன்னார். நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை!

"பத்து நாளைக்கு மட்டும் வாங்கினீங்களா?"

"இன்னாத்துக்கு? மாசம் முழுக்கத்துக்கும் கீது, பாரு சார்" என்று கவரைப் பிரித்தே காட்டிவிட்டார். அட்டையில் கம்பெனி பெயர் வேறு. கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயர்... என் கவரில் இருந்ததேதான். மில்லிகிராம்கூட மாறவில்லை.

உங்களிடம் மறைப்பானேன்? முருகேசன் என்னைவிட ரொம்ப வசதி. குடும்ப நிலம் ரோட்டோரமாக அமைந்துவிட்டது. இப்போது ஐ.டி. கம்பெனிகளுக்கு வேன் விடுகிறார். புதுக் கார் வாங்கினார், பொறுத்துக்கொண்டேன். அந்தக் காரின் மூக்கு என் பார்க்கிங் இடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் பொறுத்துக்கொண்டேன். இந்த வயதிலும் மனுஷனுக்கு ஒரு நரை கிடையாது. சரி, போகட்டும்.

ஆனால் காரும் அவருக்கு, மலிவு மாத்திரையும் அவருக்கா? இது எந்த ஊர் நியாயம்?

"எப்படி?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"டாக்டராண்ட சொல்லிட்டேன் சார். 'ஆயுசுக்கும் துன்னப் போற மாத்திரை, கட்டுப்படி ஆவுற மாதிரி எழுதிக் குடு'ன்னு. அவுரு கம்பெனி பேரு இல்லாம மருந்து பேரை மட்டும் எழுதிக் குடுத்தாரு. கூடுவாஞ்சேரில மலிவு விலைக் கடை ஒண்ணு கீது. வேன் அந்தப் பக்கம் போவச்சொல்ல வாங்கியாந்துடுவேன்."

"டாக்டர்கிட்ட போய் அப்படியெல்லாம் கேட்கலாமா?"

"இன்னா சார் நீ, கத்திரிக்காய்க்குக் கேக்குற... இதுக்குக் கேக்க மாட்டியா?"

கேட்க மாட்டேன். நாங்கள் டாக்டரிடம் போகிற அழகு தெரியுமா உங்களுக்கு? கல்யாண ரிசப்ஷன் தோற்றுவிடும். எனக்கு இஸ்திரி போட்ட சட்டை, விசேஷத்துக்கு மட்டும் வெளியே வருகிற வாட்ச். சுகந்திக்கு நல்ல புடவை, பீரோவில் இருக்கிற வளையல் அத்தனையும். டாக்டர் நம்மை மதிக்க வேண்டாமா? முதல் தடவை போனபோதே, "பையன் ஃபாரின்ல இருக்கான் டாக்டர்" என்று அவர் கேட்காமலே சொன்னேன். "செலவைப் பத்தி யோசிக்காதீங்க, பெஸ்ட்டா எழுதுங்க!" என்றும் சொன்னேன். பாவம், அவரும் என் பேச்சை நம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தியிடம் பொரிந்து தள்ளினேன். "அது டூப்ளிகேட்டா இருக்கும். அந்த விலைக்கு என்ன தருவான்? சுண்ணாம்பு உருட்டித் தருவான். பாரேன், அந்தம்மாவுக்கு ஆறு மாசத்துல படுக்கைதான்." எவ்வளவு நல்ல மனசு பாருங்கள் எனக்கு!

அடுத்த சனிக்கிழமை லிஃப்ட் ரிப்பேர். கஸ்தூரி அம்மா திருவிடந்தை பெருமாளைப் பார்த்துவிட்டு, படியேறியே வந்து எங்கள் வீட்டில் பிரசாதம் கொடுத்தார். மூச்சு வாங்கவில்லை, முழங்காலைப் பிடிக்கவில்லை. இங்கே சுகந்தியால் அந்தப் பிரசாத டப்பாவின் மூடியைத் திருகக்கூட முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.

என்னால் தாங்கவே முடியவில்லை. மலிவு மாத்திரை அங்கே வேலை செய்கிறது, பெஸ்ட் மாத்திரை இங்கே ஏன் வேலை செய்யவில்லை? பொறாமைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது ஆளைக் கிளப்பிவிடும். போன வியாழக்கிழமை சுகந்தியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக் கிளம்பினேன்.

உள்ளே போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். "டாக்டர்... இந்த மாத்திரை... வந்து... கொஞ்சம் விலை கம்மியா..." என்று இழுத்தேன். கூசிப் போனேன். அவரோ அலட்டிக்கொள்ளவே இல்லை.

"தாராளமா. இதை மருந்து பேரிலயே எழுதித் தரேன், மலிவு விலைக் கடையிலயே வாங்கிக்கலாம். கூட எழுதியிருக்கிற இன்னொரு மாத்திரையை மட்டும் இப்ப மாத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும். முதல் நாளே கேட்டிருக்கலாமே சார்?"

அவ்வளவுதான் விஷயம். எழுந்திருக்கப் போனேன். அவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"வீக்கம் குறையவே இல்லையேம்மா. ரெண்டு வேளையும் ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

சுகந்தி வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடறா டாக்டர்," என்றேன் நான்.

"காலையில மட்டும்தான்," என்றாள் அவள். "ராத்திரி மாத்திரையை நிறுத்தி ரொம்ப நாளாச்சு."

"ஏம்மா?"

"ஒவ்வொரு தடவையும் பில்லைக் கையில வெச்சுக்கிட்டு இவர் பேசாம உக்காந்திருப்பார் டாக்டர். ஒரு மாச மாத்திரையை ரெண்டு மாசம் ஓட்டினா ஆகாதான்னு..."

டாக்டர் திட்டினார். நன்றாகவே திட்டினார். விரல் மூட்டு ஒரு தடவை கோணிவிட்டால் பழையபடி நிமிராது என்றார். இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை, இனி ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் நான்தான் தலையாட்டினேன். விரல் என்னுடையது மாதிரி வலித்தது.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் நானே ஆரம்பித்தேன். "அந்த முருகேசன் மேல எனக்கு இருந்த பொறாமை இருக்கே... சொல்லி மாளாது."

"எனக்கும்தான்," என்றாள் சுகந்தி பின்னாலிருந்து. "ஆனா அவர் மேல இல்ல. கஸ்தூரி மேல."

"மாத்திரை மலிவா கிடைக்குதேன்னா?"

"அதுக்கில்ல. அவளுக்காக டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்க வீட்டுல ஆள் இருக்காரேன்னு."

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் இவ்வளவு பேசுகிறேனே... அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை, படூர் வரைக்கும்.