ஸ்டேட்டஸில் ஒரு விலாசம்

“அவரத்தான் பிளாக் பண்ணி வெச்சிருக்கேனே, எப்படிப் பாத்தாரு?” என்று கேட்டார் பக்கத்து அறை இஸ்திரி அக்கா.

“யாருக்கா?”

“என்னைக் கட்டினவருதான். ‘பேக்கரி மாடில ரொட்டி வாசம் தூக்குதான்னு உங்கக்காவக் கேளு’ன்னு தங்கச்சிக்கு அனுப்பியிருக்காரு.”

“ஸ்டேட்டஸ்ல என்ன போட்டீங்க?”

“ஊர் பேரும் பேக்கரி மாடின்னும். தங்கச்சி மட்டும் பாக்கற மாதிரி.”

“மெசேஜா அனுப்பியிருக்கலாமே?”

“அவ மெசேஜெல்லாம் அவ புருஷன் நோண்டுவான். ரெண்டு பாஷை படிச்சிட்டு என்னையே கேள்வி கேக்கறியா, டீச்சரம்மா? அந்தக் கம்பெனிக்காரனைக் கேளு!”

ஆப் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன். சர்வர்களுக்கு இடையே தொடர்பு அறுந்து மீண்டும் சேரும்போதெல்லாம், பிளாக் செய்தவர்கள் உட்பட எல்லோருக்கும் ஸ்டேட்டஸ் போய்விடுகிறதாம். சரிசெய்ய இரண்டு வாரம் ஆகுமாம். அப்போது போனில் ‘உங்கள் ஸ்டேட்டஸ் புதுப்பிக்கப்பட்டது’ என்று மட்டும் காட்டுமாம். மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா சிரித்தார். “நல்லாப் புதுப்பிச்சாங்க போ.”

அக்கா ஐந்து மாதத்துக்கு முன், மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இங்கே வந்தவர். கட்டுப் பிரித்த மறுநாளே சலவைக்கடையில் நீராவி இஸ்திரி வேலைக்குச் சேர்ந்தார். காலரைத் தொட்டே யார் சட்டை என்று சொல்லிவிடுவார். எழுத்தில் மட்டும் இரட்டை எழுத்து வராது; ‘வந்துட்டேன்’ என்பதை ‘வந்துடேன்’ என்றுதான் எழுதுவார். அதை உறவினர் நடுவே உரக்கப் படித்துக் காட்டுவது அவர் கணவருக்குப் பொழுதுபோக்கு.

கம்பெனியின் பதில் வந்த மூன்றாம் நாள், வலது கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு மத்தியானமே என் அறைக்கு வந்தார். கதவைத் தாழிட்டார். கீழே அடுப்பு எரிந்ததில் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. அக்கா அதை ஒட்டி உட்கார்ந்தார்.

“கடைக்கு எதிர்த்த பேக்கரில நிக்கிறாரு. ஒவ்வொரு பேக்கரியா விசாரிக்கிறாரு போல. பாத்த பயத்துல மிஷினுக்குள்ள கைய விட்டுட்டேன்.”

அடுத்த பேக்கரி, எங்கள் அறைகளுக்குக் கீழே இருப்பதுதான்.

“போலீசுக்குப் போலாமா?”

“போன தடவை அவங்கதான் என்னை வீட்டுல கொண்டாந்து விட்டாங்க.” போனை நீட்டினார். “விரல் மடங்கல. வேற ஊருக்குப் பஸ் ஏறிட்டேன்னு ஸ்டேட்டஸ் போடு. அதே ஓட்டை வழியா இதுவும் போய்ச் சேரட்டும்.”

‘பஸ் ஏறிட்டேன்’ என்று எழுதிக் காட்டினேன். அக்கா அதையே உற்றுப் பார்த்தார்.

“இது நான் எழுதினதில்லன்னு உடனே கண்டுபிடிச்சிடுவாரும்மா. என்னை மாதிரியே தப்பா எழுதிக் குடு.”