பனங்கரை முக்கில் திரும்பத் தடை

பனங்கரையில் முருகதாஸ் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் பாதிப்பேர் முழிப்பார்கள். மீதிப்பேர் "முக்கு வரைவான்" என்பார்கள். அதுதான் சரி. போனில் ஒரு குரல் வழி சொல்கிறதே, அதற்கு வேண்டிய முக்குகளை, அதாவது ரோடு பிரிகிற இடங்களை, வீட்டு மாடியில் கணினி முன்னால் உட்கார்ந்து வரைந்து கொடுப்பது அவன் பிழைப்பு. கம்பெனி எங்கேயோ இருக்கிறது. முருகதாஸ் இராஜாக்கமங்கலம் போகிற வழியில் இருக்கிறான்.

சின்ன வேலைதானே என்று நினைக்க வேண்டாம். சாலை என்றால் கணினியில் ஒரு கோடு. இரண்டு கோடு சேருகிற இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மறந்தால் போச்சு. ஒன்றின் மேலே இன்னொன்று பாலமாகப் போகிறது என்று போன் நினைத்துக்கொண்டு, திரும்பச் சொல்லாமலே ஆளைக் களியக்காவிளை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும். புள்ளி மட்டும் போதுமா? இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குத் திரும்பலாமா கூடாதா என்றும் சொல்லியாக வேண்டும். வரைந்து வரைந்து மனிதன் ஒரு மாதிரி ஆகிவிட்டான். கல்யாணத்தன்று சபிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு மணமேடையைச் சுற்றியபோது, இந்த ரவுண்டானாவில் எந்த வழியாக வெளியேறுவது என்று யோசித்தானாம். அவனே சொன்னது. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் இல்லை.

சபிதாவின் தம்பி தாணு. கல்ஃபிலிருந்து வந்து மொபைல் கடை வைத்திருக்கிறான். அவன் வீடு முருகதாஸ் வீட்டுக்கு எதிரே, ரோட்டைக் கடந்தால் ஒரு சின்ன வழிக்குள் இருக்கிறது. கார் ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழையலாம். கடைசியில் தென்னந்தோப்பின் மதிலில் முட்டி நின்றுவிடும். அந்த மாதிரி வழிக்கு நம்ம பக்கம் முடுக்கு என்று பெயர். முருகதாஸும் மனதில் கள்ளமில்லாமல் "பனங்கரை முடுக்கு" என்றே போட்டுவைத்தான்.

வினை எங்கே வந்தது என்றால், தாணுவைப் பார்க்கத் தோவாளையிலிருந்து பெண்வீட்டார் வேனில் வந்தபோது. முக்குக்கு வந்ததும் போன் எல்லோர் காதிலும் விழும்படி, "பனங்கரை முடுக்கில் இடதுபுறம் திரும்பவும்" என்றது. "முடுக்குக்குள்ளயா பொண்ணக் குடுக்கப் போறோம்?" என்று பெண்ணின் சித்தி கேட்டாள். காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்களிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

தாணு நேராக அத்தான் வீட்டுக்கு வந்தான்.

"எங்க ரோட்ட முடுக்குன்னு போட்டிருக்கியோ?"

"முடுக்க முடுக்குன்னு போடாம பின்ன என்னன்னு போட?"

"அப்போ அது ரோடு இல்லியா?"

"இல்ல. அதனாலதான் இது முக்கு. மூணு வழி. நாலு வழி சேந்தாத்தான் ஜங்ஷன்."

"எங்க வழியையும் சேத்தா நாலுல்லா!"

"முடுக்க எவம்லே சேப்பான்?"

தாணு விடுவானா? வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாமே. முடுக்கு, "தாணு நகர் மெயின் ரோடு" ஆயிற்று. முக்கு, ஜங்ஷன் ஆயிற்று. முருகதாஸ் காலையில் முக்கு ஆக்குவான், சாயங்காலம் தாணு ஜங்ஷன் ஆக்குவான். இரண்டும் வெவ்வேறு இடம் என்று நினைத்த கூரியர்காரன் ஒரே பார்சலுக்கு இரண்டு தடவை வந்து போனான். கடைசியில் ஒருநாள் நடு ரோட்டில் நின்று முருகதாஸ் கத்தினான்: "இனி உன் முடுக்குப் பக்கம் திரும்ப மாட்டேம்லே!"

கோபத்தில் யார்தான் அப்படிக் கத்துவதில்லை? ஆனால் இவன் மாடியேறிப் போய் அதைக் கணினியிலும் பதிந்துவிட்டான். ரோட்டிலிருந்து முடுக்குக்குத் திரும்பத் தடை. முடுக்கிலிருந்து ரோட்டுக்குத் திரும்பத் தடை. இவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கம்பெனியும் ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து உலகத்தில் எந்தப் போனுக்கும் தாணு வீட்டுக்குப் போக வழி இல்லை, வரவும் வழி இல்லை.

இந்த லட்சணத்தில் குழந்தை நந்தனாவுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்தா? சபிதா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "எந்தம்பி மடியில இருத்தித்தான் பிள்ளைக்குக் காது குத்தணும். இல்லன்னா நானும் பிள்ளையும் அவன் வீட்டுக்கே போயிருவோம். பின்ன ஒங்க போன்ல வழி தேடிட்டு வாங்கோ."

அவள் சொன்னால் செய்கிறவள்.

அக்காள் அழைத்ததும் தாணு மாட்டேன் என்று சொல்லவில்லை. "வாறேன். கார்ல, போன் சொல்லுக வழியில வாறேன். தடை போட்ட எடத்துல கள்ளன் மாதிரி திரும்பி வர என்னால முடியாது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வாசலில் பூச்சரம் சுற்றிய வாடகைக் கார் நின்றது. ஸ்டியரிங்கில் டிரைவர் பிரைட்டன். பின்சீட்டில் பட்டு ஜிப்பாவும் மடியில் கம்மல் டப்பாவுமாகத் தாணு. அங்கிருந்து பார்த்தால் எதிர் வீட்டுப் பந்தல் தெரிகிறது, அடைப்பிரதமன் பாயசத்தின் மணம்கூட வருகிறது. போன் மட்டும் "வழி கிடைக்கவில்லை" என்றது. தாணு கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

பந்தலில் காது குத்த வந்த சுந்தரராஜ் ஆசாரி, "எமகண்டத்துக்கு முன்னால குத்தணும். மடி எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சபிதா குழந்தையின் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

முருகதாஸ் மாடிக்கு ஓடித் தடையை நீக்கினான். நீங்கினால்தானே! போட்ட தடையை எடுப்பதென்றால் அந்த இடத்தில் இருக்கும் ஒருவர் உறுதி செய்ய வேண்டும் என்று கணினி சொன்னது. அந்த இடத்தில் இருக்கிற ஒருவர் யார்? காருக்குள் தாணுவின் போன் டிங் என்றது. அவன் கண்ணாடியை இறக்கி, ஊருக்கே கேட்கும்படி வாசித்தான்.

"பனங்கரை முக்கில் திரும்பலாமா? ஆம், இல்லை, தெரியாது." பிறகு நிதானமாக, "அப்படி ஒரு முக்கே எனக்குத் தெரியாதே. ஜங்ஷன்தான் தெரியும்" என்று 'தெரியாது'வை அமுக்கினான்.

சபிதா பையின் வாயைக் கட்டினாள்.

முருகதாஸ் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். ரோட்டைக் கடந்தான். முடுக்கு வாசலில் நின்றான். திரும்ப மாட்டேன் என்று ஊரறியச் சொன்ன வாய். உள்ளே போகாவிட்டால் வீடே காலி. என்ன செய்தான் தெரியுமா? முடுக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தான்.

"நான் ஒண்ணும் திரும்பல கேட்டியா! பின்னால போறேன், அவ்வளவுதான்!"

பந்தலில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிரைட்டனால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. தொழில் புத்தி. காரை விட்டு இறங்கி ஓடிவந்து, "வரட்டு, வரட்டு... வலது பக்கம் ஒடிங்கோ... மதில் இருக்கு, பாத்து... போதும் போதும்!" என்று அவனுக்கு ரிவர்ஸ் எடுக்க வழிகாட்டினான்.

அப்பாவுக்குப் பின்னால் இருப்பது தெரியவில்லையே தவிர, தோளில் கிடந்த குழந்தைக்கு மாமன் முகம் நன்றாகத் தெரிந்தது. சண்டையில் மாதக்கணக்காகப் பார்க்காத முகம். "மா... மா..." என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு துள்ளியது. தாணு கதவைத் திறந்தே விட்டான்.

ஆசாரியும் வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் தாய்மாமன் மடியில் குழந்தை. முருகதாஸ் கதவுக்கு வெளியே, இன்னும் முதுகைக் காட்டியபடி, விறைப்பாக நின்றான். முதல் காதில் குத்தியதும் குழந்தை அலறிய அலறலில் தோப்புக் காக்கைகள் பறந்தன. அதற்கும் மேலே இன்னொரு அழுகை கேட்டது. தாணு. பிள்ளையைப் பிடித்திருந்த கை உதற, மூக்கு ஒழுக, விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான்.

"தாய்மாமனே இப்படி அழுதா பிள்ளைய யாரு பிடிக்கது?" என்று சத்தம் போட்டார் ஆசாரி. "மறு காது கிடக்குல்லா!"

முருகதாஸ் சட்டென்று திரும்பினான். காருக்குள் தலையைக் குனிந்து நுழைந்து, தாணுவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு கையால் குழந்தையின் தலையைப் பிடித்தான். மறு கையால் மச்சினனின் கையைச் சேர்த்துப் பிடித்தான். மறு காதும் ஆயிற்று.

சபிதா வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். அவள் கையில் பை இல்லை.

தாணு ஜிப்பாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அத்தான், அந்தப்பக்கக் கதவத் திறக்க முடியாது. மதில் இடிக்கும்" என்றான். "முடுக்குல்லா."

"எவம்லே சொன்னது முடுக்குன்னு?" என்று கேட்டான் முருகதாஸ்.