இடது கை ஆக்சிலேட்டர்

பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்போடு கழற்றிவிட்டது. ஆனாலும் வாய் மட்டும் குறையவில்லை. முத்தியால்பேட்டையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு எந்த வண்டி வந்தாலும், "இதைச் செஞ்சவனுக்கு ஒண்ணும் தெரியல" என்றுதான் ஆரம்பிப்பேன்.

போன வருஷம் ஒரு அக்கா, பழைய அமெரிக்க பைக் ஒன்றைக் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றி வந்தார்.

"அப்பாவோடது தம்பி. ஓட்டப் போறதில்ல. ஏறி உக்காந்து ஒரு தரம் முறுக்கிப் பாக்கணுமாம்."

பார்த்தால் கம்பெனியே ஆக்சிலேட்டரை இடது பக்கம் வைத்திருந்தது. அமெரிக்காக்காரனுக்கே பாடம் எடுக்கும் மேதை அல்லவா நான்! யாரையும் கேட்காமல் அறுத்து, வெல்டு வைத்து, நம்ம ஊர் வண்டி மாதிரி வலது பக்கம் மாற்றினேன். பழைய பாகத்தைக் காயலான் கடையில் போட்டேன்.

இன்ஜின் சரியானதும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஸ்டார்ட் செய்தேன். அக்கா அப்பாவைத் தாங்கிப் பிடித்து சீட்டில் உட்காரவைத்தார். பெரியவரின் வலது கை துணிபோலத் தொங்கியது. பக்கவாதம். இடது கையால் முறுக்கினார். சத்தம் ஏறவில்லை. மறுபடியும் முறுக்கினார்.

"அந்தப் பக்கம் மாத்திட்டேன் ஐயா" என்றேன்.

வலது கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "சரி, நீயே முறுக்குப்பா. நான் கேட்டுக்கிறேன்."

முறுக்கினேன். தெருவே அதிர்ந்தது. அவர் இடது கை அந்த வெறும் பிடியை விடவே இல்லை.

மறுநாள் காயலான் கடைக்கு ஓடினேன். எல்லாம் உருக்கப் போய்விட்டிருந்தது.

வழியில் பார்த்தால் அக்கா இன்னும் நன்றி சொல்கிறார். இப்போது எந்த வண்டி வந்தாலும், "ஓட்டப் போறது யாரு?" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.