நிஷிகி தெருவில் ஒரு மீன் உருண்டை

காலை பத்து மணி. கியோட்டோ நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் இரண்டாவது தரிப்பு ஷிஜோ, ஆளுக்கு 220 யென். அங்கிருந்து சிறு நடையில் நிஷிகி சந்தைத் தெரு. சிட்னியில் விமானம் ஏறியதிலிருந்து என் கைப்பையை நான் கீழே வைக்கவில்லை. கணவர் சிவாவின் ஒவ்வாமை ஊசி அதற்குள் இருக்கிறது. இறால் அவருக்கு ஆகாது. போன வருடம் நண்பர் வீட்டு விருந்தில் ஒரு வாய் தின்று தொண்டை அடைத்து, நான் தாதியாக இருக்கும் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கே அவரை அம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

தெரு நானூறு மீற்றர் இருக்கும். மேலே சிவப்பு, மஞ்சள், பச்சைக் கூரை. கீழே ஊறுகாய்ப் பீப்பாய்கள், தேயிலை, கருவாடு. சிட்னி ஹரிஸ் பார்க் கடைத்தெருவில்போலத் தின்றுகொண்டே நடக்க முடியாது. வாங்கிய கடை வாசலிலேயே நின்று தின்ன வேண்டும். எனக்கோ பார்த்ததெல்லாம் இறாலாகவே தெரிந்தது.

பொரியல் கடையொன்றில் ஒரு வயதான பெண், குச்சியில் குத்திய மீன் உருண்டையை இரண்டு கையாலும் நீட்டினார். சிவாவும் இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுவிட்டார்.

"என்னப்பா, கேக்காமலே திண்டுட்டீங்களே?"

"வயசான மனுசி தரேக்க எப்பிடி வேண்டாமெண்டுறது?"

எனக்குத் தெரிந்த ஒரே ஜப்பானியச் சொல் இறாலுக்கானதுதான். "எபி?" என்றேன். அந்தப் பெண் கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினார். இறால் இல்லை என்கிறாரா, தின்னக் கூடாது என்கிறாரா? கைபேசியை நீட்டினேன். மொழிபெயர்ப்பு வந்தது: மீனும் கரட்டும்தான், ஆனால் இறாலும் அதே எண்ணெயில் பொரிப்பதுதான்.

பைக்குள்ளிருந்து ஊசியை எடுத்தேன். அந்தப் பெண் உள்ளேயிருந்து ஒரு கதிரை கொண்டுவந்து சிவாவை இருத்தினார். வந்தவர்களைக் கவனிக்காமல் அவரும் பக்கத்திலேயே நின்றார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சிவாவின் உதட்டையும் கழுத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். வீக்கமில்லை, தடிப்பில்லை, மூச்சும் சீராக இருந்தது. அரைமணி நேரம் கழித்துத்தான் ஊசியைப் பைக்குள் வைத்தேன்.

சிவா மெதுவாகச் சொன்னார்: "கலியாணத்துக்குப் பிறகு நீர் என்ட முகத்தை இவ்வளவு நேரம் பாத்தது இண்டைக்குத்தான்."

நான் சிரிப்பேன் என்று நினைத்திருப்பார். நடுத்தெருவில் அழுதுவிட்டேன்.