பதினோரு நாளில் பறிபோன பங்கு

தொழிலாளர் வழக்கு நடத்துகிற வக்கீலுக்குச் சட்டம் பாதி தெரிந்தால் போதும், மீதியைக் கட்சிக்காரரே வந்து சொல்லிக்கொடுத்துவிடுவார்.

கம்பெனிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தும், வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று புரியாமல் விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த மாதிரிக் கடிதங்கள்தான் காரைக்காலில் என் பிழைப்பு. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு சில கம்பெனிகள் ஊழியர்களுக்குப் பங்கும் தர ஆரம்பித்தன. கடிதங்கள் இன்னும் நீண்டன. அதில் ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன்.

எட்டாம் பக்கம்

கோட்டுச்சேரி செல்வமணி ஒரு ரசாயன ஆலையில் பாய்லர் ஆபரேட்டர். மூன்று வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால் இருநூறு பங்கு அவர் பெயருக்கு வரும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. ஒருநாள் பாய்லரில் பிரஷர் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. பிரஷர் மீறினால் தானே திறந்து நீராவியை வெளியேற்ற வேண்டிய சேஃப்டி வால்வு திறக்கவில்லை. "நிறுத்தாதே, ஓட்டு" என்றாராம் மேனேஜர். செல்வமணி நிறுத்திவிட்டு, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார். உத்தரவை மீறினார் என்று பேருக்கு ஒரு விசாரணை நடத்தி அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். மூன்று வருடம் முடியப் பதினோரு நாள் பாக்கி.

"நீக்கப்பட்டவருக்குப் பங்கு கிடையாதுன்னு கடிதத்தோட எட்டாம் பக்கத்துல போட்டிருக்கே" என்றேன். கூட வந்த மனைவி காமாட்சி பட்டினச்சேரிப் பெண், மீன் வியாபாரம் செய்பவர். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "கரைக்கு வர்றதுக்குள்ள அவங்களே வலைக்கயித்த அறுத்துட்டு, மீனு உனக்கில்லேன்னு சொன்னா எப்படிங்க மேடம்?"

ஒரு கையெழுத்து

காமாட்சி கேட்டதைத்தான் சட்ட பாஷையில் மனுவாக எழுதினேன். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால் கம்பெனியின் பர்சனல் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். இருநூறு பங்கையும் தந்துவிடுவார்கள். பதிலுக்கு, வால்வு நன்றாகத்தான் இருந்தது, தான்தான் பதறிவிட்டேன் என்று செல்வமணி எழுதிக் கொடுக்க வேண்டும்.

செல்வமணியை வராந்தாவுக்கு அழைத்துப் போய், "கோர்ட்டுக்குப் போனா வருஷக் கணக்காகும். ஜெயிப்போம்னும் உறுதி இல்ல. சமாதானமாப் போயிடலாமே" என்றேன். அவருக்கு அப்போது வேறு வருமானம் இல்லை. காமாட்சியின் மீன்கூடைதான் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. செல்வமணி அந்தத் தாளை வரிவரியாகப் படித்து, மடிப்புக் கலையாமல் என் கையில் திருப்பிக் கொடுத்தார். "கையெழுத்துப் போட்டா பங்கு எனக்கு வந்துடும் மேடம். நாளைக்கு அந்த பாய்லர் பக்கத்துல நிக்கிறவனுக்கு என்ன வரும்?"

லாக் புக்

தொழிலாளர் நீதிமன்றத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே சாட்சி: பிரஷர் அளவை மணிக்கொரு தடவை லாக் புக்கில் எழுதும் ஜபருல்லா. அவர் இன்னும் அதே ஆலையில்தான் இருந்தார். அவருடைய பங்கு அடுத்த மாதம் வர வேண்டும். பின்வரிசையில் பர்சனல் மேனேஜர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஜபருல்லா வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன்.

வந்தார். நெற்றி வியர்க்க, அன்றைய அளவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். "நீங்க தப்பாக்கூட எழுதியிருக்கலாம் இல்லையா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் இதமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் பிழைத்துப் போயிருப்பார். அவர் தலையாட்டி மறுத்தார்: "அது நான் பார்த்து எழுதின எண்ணுங்க. அதை இன்னைக்கு மாத்துனா, நான் இதுவரைக்கும் எழுதின எல்லாமே பொய்யாயிடும்."

தீர்ப்புக்குப் பிறகு

நீக்கியது செல்லாது, வேலை இடைவிடாமல் தொடர்ந்ததாகவே கொள்ள வேண்டும், ஆகவே பங்கும் அவருக்கே என்று தீர்ப்பு வந்தது. ஜபருல்லாவின் பங்கில் கை வைக்கவும் கம்பெனிக்குத் துணிவு வரவில்லை. ஆனால் அதற்குள் பங்குச் சந்தை சரிந்து, அந்த இருநூறு பங்கும் அடிமாட்டு விலைக்கு வந்திருந்தது.

இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். வேலைக்குத் திரும்பி முதல் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்த செல்வமணி அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. "புது வால்வு போட்டுட்டாங்க மேடம்! நானே திறந்து பார்த்துட்டேன்."

அன்றிலிருந்து எந்தக் கட்சிக்காரரிடமும் "சமாதானமாப் போயிடலாமே" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு மிடறு தண்ணீர் குடித்துக்கொள்கிறேன், பல சமயம் அந்த வார்த்தையும் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போய்விடுகிறது.