கடைவாய்ப் பல்லும் என் மூக்கும்

எனக்கு மூக்கு மகா கூர்மை. பெருமைக்குச் சொல்லவில்லை, இது ஒரு வருத்தம். பஸ்ஸில் முன்னால் இருப்பவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பது எனக்குத் தேவையில்லாத செய்தி, ஆனாலும் வந்து சேர்ந்துவிடும். துறைமுகப் பக்கமிருந்து காற்றுத் திரும்பினால் கப்பல் எண்ணெய் மணம் லிங்கநகரில் எங்கள் குசினி வரைக்கும் வருகிறது என்று சொல்வேன். வீட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அப்படிப்பட்ட என்னை, கொரோனாவுக்காக நாட்டை இரண்டாவது தடவை மூடிய அந்த மாதங்களில், கடைவாயில் சூத்தைப் பல் வைத்திருந்த ஒரு மனிதரோடு ஒரே வீட்டுக்குள் பூட்டி வைத்தார்கள். அந்த மனிதர் என் கணவர்.

பிள்ளைகள் கொழும்பில் அகப்பட்டுக்கொண்டார்கள். வீட்டில் நானும் அவரும் அந்தப் பல்லும்தான். பயணத்தடைக்குச் சற்று முன்புதான் ஓர்ஸ் ஹில்லில் ஒரு பல் வைத்தியரிடம் போயிருந்தார். வைத்தியர் பல்லைத் துளைத்து, மருந்து வைத்து, சீமெந்து போன்ற ஒன்றால் தற்காலிகமாக அடைத்து, அடுத்த கிழமை வரச்சொல்லி அனுப்பினார். அடுத்த கிழமை நாடே மூடிக் கிடந்தது, தெருவில் மான்கள்தான் திரிந்தன. பாண் கடித்தபோது அந்த அடைப்புக் கழன்றது, அதை இவர் பாணோடு சேர்த்து விழுங்கியும் விட்டார். மிச்சம் இருந்தது ஒரு குழி. சோறு, பருப்பு, மீன் எல்லாம் அதற்குள் போய்க் குடியிருந்தன.

சீ, அந்த மணத்தை எப்படிச் சொல்ல? முதலில் புளித்த மாவு போல இருந்தது. பிறகு அழுகியது. அவர் கராம்பை அதற்குள் செருகினார், அதன் பிறகு அழுகலும் கராம்பும் சேர்ந்து வந்தன. அவர் கதைத்துவிட்டுப் போன பிறகும் அறைக்குள் அது நின்றது. தலையணையில் இருந்தது, துவாயில் இருந்தது, தேத்தண்ணீர்க் கோப்பையின் விளிம்பில் இருந்தது. அந்தக் கோப்பையைக் கழுவும்போது எனக்கு ஓங்காளம் வரும். முப்பது வருசம் ஒன்றாக வாழ்ந்த மனிதர் என்ற இரக்கமெல்லாம் மூக்குக்குத் தெரிவதில்லை.

"மணக்குதோ?" என்று கேட்பார். கையை வாய்க்கு முன்னால் குவித்து ஊதி, தானே மணந்து பார்ப்பார். "எனக்கொண்டும் தெரியேல்லையே."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? செத்த எலிக்குத் தன்ர மணம் தெரியுமோ?"

அவர் சிரிப்பார். சிரிக்கும்போது வாய் இன்னும் அகலத் திறக்கும். நான் பாயைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் படுக்கப் போனேன், வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டேன். வேலிக்கு அப்பால் இருந்த பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, கொரோனாவுக்கு இவ்வளவு கவனமாக இருக்கிறாள் என்று என்னை மெச்சினாராம். நான் கணவருக்காகப் போட்டிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

கன்னம் வீங்கியதும் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இப்ப மிசின் போடேலாதம்மா," என்றார். "தண்ணி தெறிச்சால் கிருமி அறை முழுக்கப் பரவும். அவசரமெண்டால் புடுங்கத்தான் ஏலும், அதுவும் ஆஸ்பத்திரியில. முதல்ல வாயைப் படமெடுத்து அனுப்புங்கோ, பாப்பம்."

அந்தப் படம் எடுத்ததைப் போல ஒரு அரியண்டம் என் வாழ்க்கையில் வேறு நடக்கவில்லை. அவரை முற்றத்து வெயிலில் கதிரையில் இருத்தி, தேக்கரண்டியால் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்தேன். பல்லைச் சுற்றியிருந்த முரசுத் தசை ஊதா நிறத்தில் இருந்தது. கரண்டி பட்டதும் பல்லடியிலிருந்து மஞ்சளாக ஒன்று கசிந்து நாக்கில் வழிந்தது, மனுசன் அதைக் கூட்டி விழுங்கினார். நான் தொலைபேசியை அவர் மடியில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். அந்தத் தேக்கரண்டியைப் பிறகு குப்பைக்குள் எறிந்தேன்.

வைத்தியர் படத்தைப் பார்த்து ஒரு கிழமைக்கு அன்ரிபயோட்டிக் குளிசை எழுதினார். "வாய் திறக்க ஏலாமல் வந்தாலோ, விழுங்கக் கஷ்டப்பட்டாலோ, வீக்கம் நாடிக்குக் கீழ இறங்கினாலோ பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம். உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. கழுத்துக்குப் போனால் மூச்சை அடைக்கும்."

குளிசை போடத் தொடங்கி இரண்டு மூன்று நாள் கழிந்தன. எனக்கு இலேசாகத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது, தொண்டை அரித்தது. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், மாறிப்போனது. அப்போதுதான் ஒரு காலை அவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று ஏதோ கேட்டார், நான் முகத்தைத் திருப்பாமலே பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், மணம் இல்லை. தலையணையை எடுத்து மணந்தேன், ஒன்றுமில்லை. கோப்பையிலும் இல்லை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

வைத்தியருக்கு நானே வலியத் தொலைபேசி எடுத்தேன்.

"வீக்கம் எப்பிடி?"

பக்கத்தில் இருந்த மனுசன், குறைவு என்று கையால் காட்டினார்.

"குறைவாம் டொக்டர்."

"மணம்?"

"மணமே இல்லை. நான் சொன்னால் சரியாயிருக்கும், என்ர மூக்கு அப்பிடி."

"அப்ப சீழ் வத்துது. குளிசையை முடியுங்கோ."

அன்றைக்கே பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். மனுசனுக்குப் பெரிய ஆறுதல். அறைக்குள் விசிறியைக்கூட என் பக்கம் திருப்பி வைத்தார். இப்போது அவர் மாஸ்க் போடத் தொடங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "நீர் இவ்வளவு நாளும் போட்டனீர்தானே, இனி என்ர முறை," என்று சொன்னார். தாடியும் வளர்ந்திருந்தது. நானும் அதை விலக்கிப் பார்க்கவில்லை. படமெடுத்த அன்றைக்கே அந்த வாயை எனக்குப் பார்த்தது போதும். சாப்பாடு சப்பென்று இருந்தது. இந்த அரியண்டத்தைப் பார்த்துப் பார்த்து என் நாக்குச் செத்துவிட்டது என்று நினைத்தேன். அவரும் கஞ்சிதான் கேட்டார். பல் நோகாமல் இருக்கக் குடிக்கிறார் என்று நானும் ஆக்கிக் கொடுத்தேன்.

ஒரு மத்தியானம் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தேன். இறக்கக்கண்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் வேலியில் கொளுவிவிட்டுப் போன கருவாடு. தாச்சியை அடுப்பில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

"தங்கச்சி! என்ன எரியுது பிள்ளை? தெரு முழுக்க மணக்குது!" என்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அப்பாலிருந்து கத்தினார்.

திரும்பினால் குசினி முழுக்கப் புகை. தாச்சியில் கருவாடு கரியாகிக் கிடந்தது. கண் எரிந்தது, இருமல் வந்தது, மணம் மட்டும் வரவில்லை. கையிலிருந்த வெங்காயத்தை மூக்கோடு வைத்து இழுத்தேன், இல்லை. பெருங்காயப் பெட்டியைத் திறந்தேன், அதுவும் இல்லை. தொலைக்காட்சியில் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், மணம் தெரியாமல் போனால் அதுதான் என்று. எனக்கு வந்த முதல் நினைப்புக் கொரோனா இல்லை. அப்படியென்றால் அந்த வாய்?

அறைக்குள் ஓடினேன். அவர் கட்டிலில் சாய்ந்து இருந்தார். மாஸ்கை இழுத்துக் கழற்றினேன், உள்பக்கம் எச்சிலில் ஊறிக் கிடந்தது. விழுங்க முடியாமல் அதற்குள் வடிய விட்டிருக்கிறார். தாடிக்கு அடியில் நாடியின் வளைவே தெரியவில்லை. கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் ஒரே வீக்கம், தொட்டால் கல்லாக இருந்தது.

"வாயைத் திறவுங்கோ."

ஒரு விரல் நுழையத்தான் திறந்தது.

"எத்தினை நாளா? ஏன் சொல்லேல்லை? சொல்லுங்கோ, ஏன் சொல்லேல்லை?"

"நீர் திரும்பவும் ஹோலுக்குப் போயிடுவீர்," என்றார். குரல் அவருடைய குரலாக இல்லை, உருளைக்கிழங்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு கதைப்பதைப் போல வந்தது.

எனக்கு அவரில் வந்த கோபத்தை விட என்னில் வந்த அருவருப்புப் பெரிது. ஆனால் அதற்கு நேரமில்லை. அம்புலன்சுக்குச் சொன்னேன். மூக்கு வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்துக்கொண்டு வந்தார்கள். தெருவில் எல்லா வேலியிலும் தலைகள். அவர் மூச்சுக்கு இழுபட்டுக்கொண்டு ஏறும்போது ஒருவர் தொலைபேசியில் படம் எடுத்தார். என்னை மெச்சிய அதே அக்கா, நாங்கள் ஏறி முடிவதற்குள்ளேயே எங்கள் படலைக்கு டெற்றோல் தெளித்தார். இன்றைக்கும் அவரோடு நான் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் மூக்குக்குள் குச்சி விட்டார்கள். இரண்டு பேரும் பொசிட்டிவ். எங்களை ஒதுக்குப்புறமான ஒரு அறைக்குக் கொண்டுபோனார்கள், ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. பல் வைத்தியர் ஒரு இளம் பெண், உடுப்புக்குள்ளே கண் மட்டும் தெரிந்தது. அவருக்கு உதவிக்கு ஒரே ஒரு தாதி. கழுத்தை அமத்திப் பார்த்த வைத்தியர், "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கழுத்தில ஓட்டை போட்டுத்தான் மூச்சுக் குடுக்க வந்திருக்கும்," என்றார். சேலைன் ஏற்றி, ஊசி போட்டு விறைக்க வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆள் காணாது அம்மா. நீங்களும் பொசிட்டிவ்தானே, உங்களுக்கு இனி என்ன பயம்? தலையைப் பிடியுங்கோ."

பிடித்தேன். முரசைக் கீறியதும் அது வந்தது. பச்சையும் மஞ்சளும் இரத்தமும் கலந்து, நாடியால் வழிந்து என் கையில் சூடாக ஓடியது. அதற்குள் பழைய சோற்றுத் துகள் ஒன்று இருந்ததைக் கண்ணால் கண்டேன். இரண்டு மாஸ்க் போட்டிருந்த தாதி ஓங்காளித்துக்கொண்டு ஜன்னலடிக்கு ஓடினார். வைத்தியரே தலையைத் திருப்பி ஒரு மூச்சு எடுத்துவிட்டுத்தான் திரும்பவும் குனிந்தார். நான் தலையை விடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன். குறடு போய்ப் பிடித்தது. ஆட்டி ஆட்டி, கடைசியில் அந்த நாசமாய்ப்போன பல் தட்டில் விழுந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். முதலில் பார்த்தது என்னை அல்ல, ஜன்னலடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற தாதியைத்தான். பிறகு, பஞ்சைக் கடித்தபடி என்னிடம் கேட்டார்.

"கடுமையா மணக்குதோ?"

அந்தக் கேள்விக்கு நான் அதுவரை ஒருநாளும் யோசித்துப் பதில் சொன்னதில்லை. குனிந்து, என் மாஸ்கைக் கீழே இழுத்துவிட்டு, அவருடைய வாயோடு மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியேல்லையப்பா," என்றேன். "உண்மையாத்தான் சொல்லுறன். ஒண்டும் தெரியேல்லை."

மூக்குச் செத்த கதையை அம்புலன்சில் வழி முழுக்கச் சொல்லியிருந்தேன். அவர் நம்பவில்லை. சேலைன் ஏறாத கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டார்.

"பரவாயில்லை," என்றார். "நீர் அங்கால தள்ளிப் போய் இரும்."